வால்யூம் பட்டன் கேட்பவர் கையில் இருக்கட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதலில் செய்யும் வேலை, பாட்டுகளைச் சேர்த்து வைத்துக் கேட்பதுதான். பழைய சிடிக்கள், பென் டிரைவ் என்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் பாடல்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பிளேலிஸ்ட் அமைத்து ஓட விடுவீர்கள். அப்போது ஒன்றைக் கவனித்திருக்கலாம். 1980களின் ஆங்கில ஆல்பம் ஒன்றிலிருந்து வரும் பாட்டு மெதுவாக ஒலிக்கிறது, வால்யூமைக் கூட்டுகிறீர்கள். அடுத்து 2000க்குப் பின் வந்த ஆல்பத்தின் பாட்டு தொடங்கியதும் காதைப் பிளக்கிறது, அவசரமாகக் குறைக்கிறீர்கள்.

சவுண்ட் கார்டு பழுது என்று நினைத்து சர்வீஸ் செய்பவரைக் கூப்பிட வேண்டாம். கோளாறு பாட்டின் பதிவிலேயே இருக்கிறது. அதுவும் தெரிந்தே செய்யப்பட்டது. ஒலிப்பதிவுத் துறையில் இதற்கு லவுட்னெஸ் வார், அதாவது சத்தப் போர், என்று பெயர். இந்தப் போரில் தோற்பவர்கள் பாட்டைக் கேட்கும் நாம்தான் என்பது என் கருத்து.

இரண்டு வகை கம்ப்ரஷன்

கம்ப்ரஷன் என்றதும் உங்களுக்கு ஜிப் பைலும் எம்பி3யும் நினைவுக்கு வரும். நான்கு நிமிடப் பாட்டு சிடியில் ஏறத்தாழ 40 எம்பி இடம் எடுக்கும்; 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் 4 எம்பிக்குள் அடங்கிவிடும். இது பைலின் அளவைச் சுருக்கும் கம்ப்ரஷன். நாம் இங்கே பேசுவது இதைப் பற்றி அல்ல.

இன்னொரு கம்ப்ரஷன் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது. பாட்டில் உரத்த இடங்களை அமுக்கி, மெல்லிய இடங்களைத் தூக்கி, இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பார்கள். அளவாகச் செய்தால் இது நல்ல கருவிதான். வாத்தியங்களுக்கு நடுவில் பாடகரின் குரல் அமுங்காமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அளவு மீறும்போதுதான் வினை.

32,767க்கு மேல் போக முடியாது

1982ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சிடி, ஒலியை எண்களாகப் பதிகிறது. ஒரு விநாடிக்கு, ஒரு சேனலுக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றும் 16 பிட். எனவே ஓர் எண் -32,768க்கும் 32,767க்கும் இடையில்தான் இருக்க முடியும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியை இதில் பதியலாம். அந்தக் காலத்து இசைத்தட்டைவிட இது பல மடங்கு வசதி.

ஆனால், கூரையைத் தொட்டபின் பாட்டை இன்னும் சத்தமாக்க ஒரே வழிதான் உண்டு. தாழ்ந்திருப்பதை எல்லாம் கூரை வரை தூக்க வேண்டும். முட்டுகிற ஒலி அலைகளின் தலையைச் சீவ வேண்டும். வேர்டில் அடித்த கடிதம் முழுவதையும் போல்டாக்கிவிட்டால் எது முக்கியமான வரி என்று தெரியுமா? அதே கதைதான். எல்லாமே சத்தமாக இருந்தால் எதுவும் சத்தமாகத் தோன்றாது. டிரம்மின் அடி மழுங்கிவிடும். சில பாட்டுகளில் கரகரப்பே கேட்கும்.

பின் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? ஒரே பாட்டை இரண்டு அளவில் அடுத்தடுத்துக் கேட்டால், சற்று உரக்க ஒலிப்பதே நன்றாக இருப்பதாக நம் காது நினைக்கும். ரேடியோவில் பக்கத்துப் பாட்டைவிடத் தன் பாட்டு எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் விரும்பியது. ஒயாசிஸ் குழுவின் 1995ஆம் ஆண்டு ஆல்பம், ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 1999ஆம் ஆண்டு கலிபோர்னிகேஷன் ஆகியவை இந்தப் போட்டிக்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணங்கள்.

ரசிகர்கள் கண்டுபிடித்த உண்மை

2008 செப்டம்பரில் மெட்டாலிகா குழுவின் டெத் மேக்னெடிக் ஆல்பம் வெளியானது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமிலும் கிடைத்தன. கேமுக்குப் போனவை இந்த அளவுக்கு நசுக்கப்படாதவை. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்ட ரசிகர்கள், விலை கொடுத்து வாங்கிய சிடியைவிட விளையாட்டில் வரும் பாட்டு தெளிவாக இருப்பதைக் கண்டார்கள். ஆல்பத்தை மறுபடி சரியாக மாஸ்டர் செய்து தரும்படி பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் பெயர் சேர்த்தார்கள். அதை மாஸ்டர் செய்த டெட் ஜென்சனே, தம் கைக்கு வரும்போதே பாடல்கள் அமுக்கப்பட்டுத்தான் இருந்தன என்று சொன்னார்.

"பஸ்ஸிலும் காரிலும் போனிலும் கேட்கிறார்கள், அதனால் சத்தம் வேண்டும்" என்பது கம்பெனிகள் தரப்பு வாதம். இரைச்சலான இடத்தில் ஏற்ற இறக்கம் குறைவாக இருந்தால் வசதி என்பது உண்மையே. ஆனால், அதைக் கேட்கும் நேரத்தில் பிளேயரே செய்து கொடுக்க முடியும். உப்பு குறைந்தால் இலையில் சேர்த்துக்கொள்ளலாம். கூடிப்போனால் எடுக்க முடியுமா? பதிவில் சீவிய தலை மீண்டும் முளைக்காது. அதே பதிவை 24 பிட் பைலாக அதிக விலை கொடுத்து வாங்கினாலும் பயன் இல்லை.

காற்று திசை மாறுகிறது

2006ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்க ஒரு முறையை வெளியிட்டது. அந்த முறையில் அளந்த சத்தம் இப்போது பெரும்பாலும் லஃப்ஸ் என்ற அலகில் சொல்லப்படுகிறது. 2010ல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் -23 லஃப்ஸ் என்ற அளவை நிர்ணயித்தது. டிவி விளம்பரங்கள் நிகழ்ச்சியைவிட உரக்க அலறக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டம் 2012 டிசம்பரில் அமலுக்கு வந்தது.

இன்று ஸ்பாட்டிஃபை பாடல்களை -14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. -8 லஃப்ஸ் வரை நசுக்கி அனுப்பிய பாட்டை 6 டெசிபல் குறைத்துவிடும். அப்படியானால் நசுக்கியதால் என்ன லாபம்? தலை சீவியதுதான் மிச்சம். ஆனாலும் பழக்கம் விடவில்லை. அப்படிப்பட்ட பாடல்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

1. ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் ஒரு பழைய பாட்டையும் ஒரு புதிய பாட்டையும் திறந்து பாருங்கள். மலையும் பள்ளமுமாகத் தெரிந்தால் நல்லது. செங்கல் வைத்ததுபோல் ஒரே பட்டையாகத் தெரிந்தால் நசுக்கப்பட்டது.

2. ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பாடல்களுக்கு ஃபூபார்2000 பிளேயரில் ரீப்ளேகெய்ன் ஸ்கேன் செய்து, பிரிஃபரன்ஸில் அதை இயக்கி வையுங்கள். எல்லாப் பாட்டும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கும். பாட்டின் ஒலி மாறாது. பைலில் ஒரு குறிப்பு மட்டுமே சேரும்.

3. ஸ்பாட்டிஃபை செட்டிங்ஸில் நார்மலைஸ் வால்யூம் என்பதை அணைக்காதீர்கள். அது ஆனில் இருக்கும் வரை, அலறும் பாட்டுக்குத் தனிச் சலுகை இல்லை.

4. ரீமாஸ்டர்டு என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். சில நேரம் அதற்கு "முன்பைவிடச் சத்தமானது" என்பதே பொருள். இரண்டையும் ஒரே அளவில் வைத்துக் கேட்டபின் வாங்குங்கள்.

5. பணம் கொடுத்து வாங்கிய பாட்டு கரகரத்தால், விமர்சனத்தில் எழுதுங்கள். 2007ல் தொடங்கிய டர்ன் மீ அப், மாஸ்டரிங் இன்ஜினியர் இயன் ஷெப்பர்ட் 2010ல் தொடங்கிய டைனமிக் ரேஞ்ச் டே ஆகிய இயக்கங்கள் இதைத்தான் கேட்டன.

சத்தமான இசைக்கு நான் எதிரி இல்லை. சத்தம் வேண்டும் என்றால் கூட்டிக்கொள்ள உங்கள் ஸ்பீக்கரிலேயே வால்யூம் பட்டன் இருக்கிறது. அந்த வேலையை நமக்கு விட்டுவிட்டு, பாட்டின் ஏற்ற இறக்கத்தை முழுசாகக் கொடுங்கள் என்பதுதான் கம்பெனிகளிடம் நாம் கேட்பது.