நிவாரண விதியில் கூலிக்காரருக்கும் ஒரு வரி இருக்கிறது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தென்மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர். அதன்பின் அரசு நிவாரணம் அறிவித்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாக அடிபட்ட பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய். அந்த மாவட்டங்களின் மற்றப் பகுதிகளுக்கும், தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் 1,000 ரூபாய். சங்கரன்கோவில் இருப்பது தென்காசி மாவட்டத்தில். ஆக, நமக்கு ஆயிரம்.

தாமிரபரணிக் கரையில் வீடு வாசலோடு இழந்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததில் நமக்கு வருத்தமில்லை. நம் கேள்வி அந்தத் தொகையைப் பற்றியது அல்ல. பேரிடர் நிதியைச் செலவிடும் விதி எதை இழப்பு என்று எண்ணுகிறது என்பதுதான் கேள்வி.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு. எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒன்றிய உள்துறை ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. 2022 முதல் 2026 வரைக்கான பட்டியலைப் படித்துப் பாருங்கள் தோழர்களே. மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். கறவை மாட்டுக்கு 37,500. முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000. குடிசைக்கு 8,000. நிலம் இருந்தால் பயிர், தொழுவம் இருந்தால் மாடு. சொத்து இருப்பவருக்குத்தான் இழப்பு இருக்கிறது. கரிசலில் மக்காச்சோளம் அழுகினால் நிலத்துக்காரர் பெயர் கணக்கில் ஏறும். அதே காட்டில் கதிர் ஒடிக்கப் போக வேண்டிய அம்மாவுக்குப் போன கூலியை யார் எழுதுவது?

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். மண்சுவர், ஓட்டுக்கூரை, புறம்போக்கு இடம். இது வீடா, குடிசையா? வருவாய்த்துறை ஊழியர் எந்தக் கட்டத்தில் எழுதுகிறாரோ அதைப் பொறுத்து பதினைந்து மடங்கு வித்தியாசம். அந்த வெள்ளத்துக்குப் பிறகு மாநில அரசு, இடிந்த வீடுகளுக்குப் பதிலாகப் புதிய வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் வரை அறிவித்தது. நல்ல முடிவு, பாராட்டுகிறோம். ஆனால் அது அந்த மழைக்கான அறிவிப்பு. அடுத்த மழைக்கு நம் கையில் மிஞ்சுவது விதி மட்டும்தான்.

அந்த விதிக்குள்ளேயே நமக்கான ஒரு வரியும் இருக்கிறது. வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று அடையாளம் காணப்பட்டு, முகாமில் தங்காத குடும்பங்களுக்கு, பெரியவர்கள் இரண்டு பேருக்கு, நூறு நாள் வேலையின் கூலி விகிதத்தில், முதலில் 30 நாள் வரை உதவி கொடுக்கலாம். 2023-24இல் தமிழ்நாட்டில் அந்தக் கூலி 294 ரூபாய். இரண்டு பேருக்கு 30 நாளுக்கு 17,640 ரூபாய் வருகிறது. முப்பது நாளா வேலை இல்லாமல் போச்சு என்று அதிகாரி கேட்கலாம். கேட்கட்டும். பத்து நாள் என்றே வைத்தாலும் 5,880. நாங்கள் பழகும் காலனிகளில் இந்த வரியின் பேரில் பணம் வாங்கிய ஒருவரையும் இதுவரை பார்த்ததில்லை. இப்படி ஒரு வரி இருப்பது தெரிந்தவர்களையும் பார்த்ததில்லை.

அந்த 'அடையாளம் காணப்பட்ட' என்ற சொல்லில்தான் சாதி நுழைகிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் பிணங்களை அள்ள வெளியூர்களிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அதே கடற்கரையில் நிவாரணப் பட்டியலிலும் முகாமிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டம் சொல்லிவிட்டது, சரி. ஆனால் 2022இல் இதே சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் பிள்ளைகளுக்குக் கடையில் தின்பண்டம் தர மறுத்ததை நாடே காணொளியில் பார்த்தது. மிட்டாய்க்கே கட்டுப்பாடு போடும் ஊரில், சேதப் பட்டியல் ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து எழுதப்பட்டால் காலனியின் பெயர் எங்கே வரும்? பட்டியலை எங்கே உட்கார்ந்து எழுத வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று விதி பேசுவதில்லை. சங்கரன்கோவில் தனித் தொகுதி, தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனி. ஆனாலும் இந்தக் கேள்வியை உரக்கக் கேட்ட குரல் எங்கள் காதில் விழவில்லை.

எனவே கல்லூரித் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். 2023 டிசம்பர் மழைக்காகத் தென்காசி மாவட்டத்தில் வாழ்வாதார உதவிக்கு எத்தனை குடும்பங்கள் அடையாளம் காணப்பட்டன, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை, எத்தனை வீடுகள் 'குடிசை' என்று எழுதப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. பதிலில் பூஜ்யம் வந்தால் அதுவும் நமக்கு ஆவணம்தான். புதிய காலத்துக்கான விதியில் அந்த வரி அப்படியே நிற்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருவது அக்டோபர் 2 கிராம சபை. சேதக் கணக்கெடுப்பு காலனிக்குள் வந்து நடக்க வேண்டும், பட்டியலைக் காலனிச் சுவரிலும் ஒட்ட வேண்டும், ஆட்சேபணைக்கு நாள் கொடுக்க வேண்டும் என்று அங்கே தீர்மானம் கொண்டு வாருங்கள். மழைக்கு முன்பே வீட்டைச் சுற்றிப் படம் எடுத்து, வீட்டுவரி ரசீதையும் மின்கட்டண அட்டையையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லி அம்மாக்களிடம் பேசுங்கள். தீர்மான வரைவு வேண்டுமென்றால் எங்களுக்கு எழுதுங்கள், அனுப்புகிறோம்.