நிறுவனமும் அரசும் ஒன்றல்ல

ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் என்னை அடிக்கடி தயங்கி நிற்க வைக்கும் சொற்களுள் ஒன்று ‘எக்சிகியூட்டிவ்’. தனியார் நிறுவனத்தின் உயர் அதிகாரியையும் அது குறிக்கும். சட்டமன்றம், நீதிமன்றம் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் அரசு நிர்வாகத்தையும் குறிக்கும். தமிழில் எழுதும்போது இரண்டில் எது என்று முடிவு செய்தே ஆக வேண்டும். ஆனால், இரண்டும் ஒன்றே என்று நம்பும் வாக்காளர்கள் பலர் உள்ளனர். ‘பெரிய கம்பெனியை நடத்தியவருக்கு நாட்டை நடத்தத் தெரியாதா?’ என்ற கேள்வி அமெரிக்காவில் மட்டுமல்ல, நம் நகரப் பேருந்துகளிலும் ஒலிக்கிறது.

இப்படிக் கேட்பவரை ஏளனம் செய்து நகர்ந்துவிடுவது எளிது, அதனால் பயனில்லை. அவர் எடைபோடும் காரணங்களை நாமும் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, 2010ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில் நடந்த தேர்தல்.

அப்போது அம்மாநில பட்ஜெட்டில் சுமார் 1,900 கோடி டாலர் பற்றாக்குறை. வேலையின்மை 12 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. குடியரசுக் கட்சியின் பழமைவாத வாக்காளர்கள், கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் இரு பெருநிறுவனத் தலைவர்களை முன்நிறுத்தினர். ஆளுநர் பதவிக்கு, ஈபே நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த மெக் விட்மன். அங்கு ஆளுநர் என்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் மாநில ஆட்சித் தலைவர். செனட் உறுப்பினர் பதவிக்கு, ஹியூலட்-பேக்கார்டு நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த கார்லி ஃபியோரினா.

அவ்வாக்காளரின் காரணங்கள் மூன்று. இவர்களுக்கு வரவு செலவு தெரியும். சொந்தப் பணத்தில் நிற்பதால் எவருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். கட்டளையிட்டு வேலை வாங்கிப் பழகியவர்கள். மூன்றும் மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானவையே.

முதலாவது காரணத்தை எடுத்துக்கொள்வோம். விட்மன் 1998இல் பொறுப்பேற்றபோது ஈபேயில் சுமார் 30 பேர் பணிபுரிந்தனர்; பத்தாண்டுகள் கழித்து அவர் விலகியபோது 15,000 பேர். இதைத் திறமையில்லை என்று சொல்ல முடியாது. ஃபியோரினாவின் கணக்கு வேறு. 2002இல் காம்பாக் நிறுவனத்தை இணைத்துக்கொண்டதை ஒட்டி, அவர் காலத்தில் சுமார் 30,000 பேர் வேலையிழந்தனர். 2005இல் இயக்குநர் குழு அவரையே வெளியேற்றியது. அவருக்கு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கிடைத்தது.

இங்கேதான் நிறுவனக் கணக்கும் அரசுக் கணக்கும் பிரிகின்றன. ஆட்குறைப்புக்கு ஆளானவர் நிறுவனத்தின் செலவுப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறார். ஆனால் அவர் மறைந்துவிடுவதில்லை. வேலையில்லாதவராக அரசின் வாசலில் வந்து நிற்கிறார். நிறுவனம் தன் தொழிலாளியை விலக்கலாம். அரசு தன் குடிமக்களை எங்கே அனுப்பும்? லாபமில்லாத கிளையை நிறுவனம் மூடலாம். மலைக்கிராமத்துப் பள்ளியை அவ்வாறு மூட இயலுமா? விட்மனோ அரசுப் பணியிடங்களில் 40,000ஐக் குறைப்பேன் என்று வாக்குறுதி அளித்தார். நிறுவனப் பழக்கம் அரசியலுக்குள் வந்தபோது எடுத்த வடிவம் அது.

பொருள் வரும் வழியை உண்டாக்குவது, வந்ததைத் திரட்டுவது, திரட்டியதைப் பாதுகாப்பது, பாதுகாத்ததை உரிய முறையில் பங்கிட்டுச் செலவிடுவது என அரசின் வேலையை வள்ளுவர் நான்காகப் பகுத்தார். முதல் மூன்றையும் ஒரு திறமையான வணிகர் செய்துவிடுவார். நான்காவதுதான் அரசை அரசாக்குகிறது. அதற்கான பயிற்சி லாபக் கணக்கில் கிடைப்பதில்லை.

இரண்டாவது காரணம் சொந்தப் பணம். விட்மன் தம் கையிலிருந்து 14 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். நன்கொடையாளர்களுக்கு அடிபணியத் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர் முன்வைத்த திட்டங்களுள் ஒன்று, மூலதன ஆதாயத்தின் மீதான மாநில வரியை முற்றாக நீக்குவது. அதனால் பெரும்பயன் அடைவோர் அவரை ஒத்த செல்வந்தர்களே. ‘என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது’ என்று 2016இல் முழங்கிய டிரம்ப், ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே கார்ப்பரேட் வரியை 35 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதலாளி வர்க்கமே நேரடியாக ஆட்சியில் அமரும்போது இடைத்தரகர் தேவைப்படுவதில்லை; அவ்வளவே வேறுபாடு. இது தனிமனிதரின் நேர்மை பற்றிய கேள்வி அன்று. வர்க்க நலன் பற்றிய கேள்வி.

மூன்றாவது காரணம், கட்டளையிடும் ஆற்றல். உண்மையான பழமைவாதி முதலில் ஐயுற வேண்டியது இதைத்தான். மரபுவழி நிறுவனங்களை மதிப்பது, அதிகாரத்துக்கு வரம்பிடுவது, அவசர மாற்றங்களை நம்பாதது ஆகியவை அவர் தம் கொள்கையென உரைப்பவை. ஆனால் அவர் தேடுவதோ, எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் உடனடியாக முடிவெடுப்பவரை. நிறுவனத்தில் பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாக்கு. குடியரசில் ஆளுக்கொரு வாக்கு. எதிர்க்கட்சியைப் பணிநீக்கம் செய்ய முடியாது. வேலைநிறுத்தம் செய்யும் செவிலியரும் அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையுடைய வாக்காளரே. கலிபோர்னியச் செவிலியர் சங்கம், விட்மனை மகுடம் சூடிய அரசியாகச் சித்திரித்து அவர் செல்லுமிடமெல்லாம் பிரச்சாரம் செய்தது இதை நினைவூட்டத்தான். தாம் பல ஆண்டுகள் வாக்களிக்கவே செல்லவில்லை என்பதையும் விட்மன் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

முடிவில் விட்மன் ஜெர்ரி பிரவுனிடம் சுமார் 13 சதவீதப் புள்ளிகள் வேறுபாட்டிலும், ஃபியோரினா பார்பரா பாக்ஸரிடம் சுமார் 10 புள்ளிகள் வேறுபாட்டிலும் தோற்றனர். கலிபோர்னியா ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்த மாநிலம். ஆகவே இத்தோல்விகளை வைத்து மட்டும் விவாதத்தை முடித்துவிட முடியாது. ஆறே ஆண்டுகளில் டிரம்ப் வென்றார் என்பதையும் மறக்கலாகாது.

நம் நாட்டிலும் அதே போக்கைக் காண்கிறோம். 2014இல் பெங்களூர் தெற்கில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நந்தன் நிலகேணி, காங்கிரஸ் வேட்பாளராக நின்று 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். பத்தாண்டுகள் கழித்து, 5,700 கோடி ரூபாய்க்கு மேல் குடும்பச் சொத்து காட்டிய தொழிலதிபர் பெம்மசானி சந்திரசேகர், தெலுங்கு தேசம் சார்பில் குண்டூரில் வென்று ஒன்றிய இணை அமைச்சரும் ஆனார். ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் வேட்புமனு உறுதிமொழிகளிலிருந்து தொகுத்த கணக்கின்படி, 2009இல் மக்களவையில் 58 சதவீதமாக இருந்த கோடீசுவரர்கள் 2024இல் 93 சதவீதம். உழைப்பாளிகள் பெரும்பான்மையாக வாழும் நாட்டின் அவை இது.

அப்படியிருந்தும், நிறுவனத் தலைவரை நாடும் வாக்காளரின் கோபத்தில் உண்மை உண்டு. சான்றிதழுக்காக அவர் அலைந்த அலைச்சலும், பதில் வராத மனுவும், கொடுக்க நேர்ந்த லஞ்சமும் கற்பனை அல்ல. அரசு அலுவலகம் தம்மை மதிக்கவில்லை என்ற கசப்பில்தான் அவர் கம்பெனியின் பக்கம் திரும்புகிறார். பொதுத்துறையைக் காப்போம் என்று முழங்கும் நாம், பொது அலுவலகம் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதற்கும் அதே குரலில் போராட வேண்டும். இல்லையேல் அந்தக் கசப்பை மற்றவர்கள் அறுவடை செய்துகொள்வார்கள்.

எனவே, அடுத்த முறை பேருந்திலோ தேநீர்க் கடையிலோ இக்கேள்வி எழும்போது, முதலாளித்துவம் பற்றிய சொற்பொழிவைத் தொடங்க வேண்டாம். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்போம்: ‘அந்தக் கம்பெனி லாபத்துக்கு வந்தபோது வெளியே அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்? நாடே கம்பெனியானால், வெளியே அனுப்பப்படுவோர் வரிசையில் நீங்களும் நானும் எத்தனையாவது இடத்தில் நிற்போம்?’