தாழ்வு மனப்பான்மை யாருடைய நோய்?

எம்.கே.பி. நகரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் வாரம். ஆசிரியர் ஸ்காலர்ஷிப் பாரங்களை மேசைமேல் போட்டுவிட்டு, "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்கப்பா" என்றார். ஆறு பேர் எழுந்தோம். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான் நடந்தது. அடி இல்லை, திட்டு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, தெரிந்த பதிலுக்கும் எனக்குக் கை எழவில்லை. எந்த ஏரியா என்று கேட்டால் வியாசர்பாடி என்று சொல்ல வாய் வராமல் 'பெரம்பூர் பக்கம்' என்று மழுப்பினேன். அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போச்சு. "உனக்குத் தாழ்வு மனப்பான்மைப்பா, அதை விட்டொழி" என்று அதே ஆசிரியர் புத்தி சொன்னார்.

நோய் எனக்கா, அந்த வகுப்பறைக்கா?

கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களிடம் புதிர்ப்பாதைகளைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது தலித் பையன்களும் உயர்சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகவே முடித்தார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் அறிவித்தபோது தலித் பையன்கள் பின்தங்கினார்கள். மூளை அதேதான், நடுவில் வந்தது ஓர் அறிவிப்பு. தகுதி, திறமை பேசுகிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பெரிய படிப்புக்குப் போய்விட்டால் இது மாறிவிடுமா? டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் ஒதுக்கப்படுவதை சுகதேவ் தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் 2008இல் சேலத்து செந்தில்குமாரை இழந்தோம். அதே வளாகத்தில், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோகித் வெமுலாவை 2016 ஜனவரி 17 அன்று இழந்தோம்.

இப்போது கல்லூரிகளில் மனநல ஆலோசகர் வேண்டும் என்கிறார்கள். வேண்டும்தான். துவண்டு நிற்கிற பிள்ளைக்குப் பேச ஓர் ஆள் கட்டாயம் தேவை. ஆனால் மாணவனுக்கு மட்டும் ஆலோசனை சொல்வது, எண்ணூர் ஆற்றில் சாம்பலைக் கொட்டிவிட்டு மீனுக்கு வைத்தியம் பார்க்கிற கதை.

தோழர்களே, நம் கல்லூரிகளில் சின்னச் சின்னதாகத் தொடங்குவோம். ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதே என்று கேட்போம். விடைத்தாளில் பெயர் வேண்டாம், எண் போதும் என்று கேட்போம். முதலாண்டு தம்பி தங்கைகள் வரும்போது சீனியர்கள் நாம் வாசலில் நிற்போம்.

எழுந்து நிற்பதில் நமக்கு வெட்கமில்லை. எப்போது நிற்பது, எதற்காக நிற்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்: வியாசர்பாடி, எம்.கே.பி. நகர்.