பெயர்களுக்குள் மறைந்த சேலத்துக் கதையாளர்

எழுதியதன் கீழ் இடும் பெயர், எழுதியவன் தன் சொல்லுக்குத் தானே நிற்கும் பிணை. பழந்தமிழ்ப் புலவர் சிலர்க்கு இயற்பெயர் வழக்கிழந்தது. அவர் பாட்டில் ஒளிர்ந்த ஒரு தொடரே அவர்க்குப் பெயராயிற்று. செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் இன்று நாம் வழங்குவன அவ்வாறு வந்தவை. பாட்டு, பாடியவனைக் காத்துத் தந்தது. இருபதாம் நூற்றாண்டுக் கிழமையிதழ்களில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெயர்கள் பெருகப் பெருக, எழுதியவன் தேய்ந்துகொண்டே போனான்.

நம் சேலம் மாவட்டத்தார் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையின் மேற்குச் சரிவில் நின்று நோக்கினால் மேட்டூர்ப் பக்கமாக விரியும் வெளிநிலத்தில் சலகண்டபுரம் என்னும் ஊர் உள்ளது. தறியொலி ஓயாத நெசவாளர் ஊர். அங்கு 1932-இல் பிறந்தவர் சுந்தரேசன். ஊர்ப்பெயரின் முதலெழுத்தையும் தந்தை இராமசாமியின் முதலெழுத்தையும் முன்னிட்டு எழுதினார். (அவர் இட்ட வடவெழுத்தை நாம் தமிழெழுத்தாக்கி எழுதுகின்றோம், பிற பெயர்களையும் அவ்வாறே.) சென்னை சென்று, 1947-இல் தொடங்கப்பெற்றிருந்த குமுதம் இதழில் ஆசிரியர் குழுவிற் சேர்ந்தார். பின்னர் இணையாசிரியராகவும் உயர்ந்து, தம் வாழ்வின் வளமான ஆண்டுகளையெல்லாம் அங்கேயே செலவிட்டார்.

சுந்தரேசன் என்னும் பெயரைச் சொன்னால் இன்று பத்தில் ஒருவர் அறிவதும் அரிது. பாக்கியம் இராமசாமி என்றால் அகவை முதிர்ந்தோர் பலர் முறுவலிப்பர். அப்புசாமி, சீதாப்பாட்டி என்றால் படித்த இல்லத்திலும் படியாத இல்லத்திலும் சிரிப்பெழும். மூன்றும் ஒருவரே. என் வகுப்பில் ஒரு மாணவி, “பாக்கியம் எழுதினாரா, இராமசாமி எழுதினாரா, இருவரும் கணவன் மனைவியா ஐயா?” என்று வினவினாள். வினாவில் பாதி உண்மை இருக்கின்றது. பாக்கியம் அவர் தாயின் பெயர். இராமசாமி தந்தையின் பெயர். இருவரையும் சேர்த்துத் தம் கதைகளுக்கு உரியவராக்கி, மகன் பின்னால் மறைந்துகொண்டார்.

இஃது ஒரு முகமூடி மட்டும். இதைத் தவிர யோகேசு, வனமாலி, சிவதனுசு, மிருணாளினி, சுவாலாமாலினி, செல்வமணி எனவும் அவர் எழுதினார். ஆணும் பெண்ணும் கலந்த பட்டியல். இவற்றுள் செல்வமணி ஒன்று நீங்கலாக எஞ்சியவை யாவும் வடமொழிப் பெயர்கள் என்பதைத் தமிழர் உற்று நோக்கவேண்டும். தறிக்கார ஊரில், தமிழ் பேசும் மண்ணில் பிறந்தவர் புதுப்பெயர் தேடுங்கால் வடமொழிப் பேழையைத் திறக்கின்றார். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. ‘தமிழ்ப் பெயர் இட்டால் விலைபோகாது’ என்னும் எண்ணம் அற்றை நாள் கிழமையிதழ் அலுவலகங்களில் காற்றோடு கலந்திருந்தது.

அவர் அருகில் அமர்ந்து எழுதியவர் குடந்தையிற் பிறந்த இரா. கி. அரங்கராசன் (1927–2012). குமுதத்தில் 42 ஆண்டுகள் பணியாற்றினார். சூரியா, அம்சா, துரைசாமி, கிருட்டிணகுமார், மாலதி, முள்றி, அவிட்டம், வினோத்து எனப் பெயர்கள் அவர்க்கும் நீண்டன. திகிற்கதைக்கு ஒரு பெயர், திரைப்படத் துணுக்குக்கு ஒரு பெயர், நையாண்டிக்கு ஒரு பெயர் என வகைக்கொரு முகம். நடையும் பெயருக்கேற்ப மாறும். ஒருவரே எழுதினார் என்று படிப்போர் ஐயுறவும் இடமிராது. 1,500-க்கும் மேற்பட்ட சிறுகதைகளும் 50 புதினங்களும் எழுதினார் என்பர். 42 ஆண்டுகளுக்குப் பகுத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சிறுகதை, திங்களுக்கு மூன்று. இதழ்ப்பணிக்கு இடையே இத்தனையும்! இவ்விருவரோடு புனிதன் என்னும் பெயரில் எழுதிய மூன்றாமவரையும் சேர்த்து மூவர், ஆசிரியர் எசு. ஏ. பி. அண்ணாமலையின் கீழ் அவ்விதழின் தூண்களாக நின்றனர்.

ஏன் இத்தனை பெயர்? இதழ் நடத்தும் முறையை அறிந்தார்க்கு விடை எளிது. கிழமைதோறும் பக்கங்கள் நிரம்பியாக வேண்டும். ஒரே இதழில் ஒரே பெயர் நான்கு இடங்களில் வந்தால் வாங்குவோன் ‘இவர்க்கு வேறு ஆளில்லையோ’ என்பான். எட்டுப் பெயர் வந்தால் எட்டு எழுத்தாளர் கூடிய பேரவை என்று மயங்குவான். எம் மலையில் விளையும் குளம்பிக் கொட்டையை (ஊரார் காப்பி என்பர்) ஒரே வணிகர் நான்கு பெயர் அச்சிட்ட பைகளில் நான்கு விலைக்கு விற்பதில்லையா? அதே வழக்கம்தான். ஆனால் கொட்டைக்கு மானம் இல்லை, எழுதுகின்றவனுக்கு உண்டு.

புனைபெயரே தீது என்று நான் கூறவில்லை. பரிதிமாற் கலைஞர் தம் தனிப்பாசுரத் தொகையை அப்பெயரில் வெளியிட்டது, ஆளைப் பாராது பாட்டைப் பார்க்கட்டும் என்பதற்காக. மறைமலையடிகள் வேதாசலம் என்னும் பெயரைத் தமிழாக்கியது கொள்கைக்காக. சுந்தரேசனுக்கு ஓராண்டு பின்னர், 1933-இல், இதே சேலம் மாவட்டத்துச் சமுத்திரத்தில் பிறந்த இராசமாணிக்கம், தந்தை துரைசாமியின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துத் துரை. மாணிக்கம் ஆனார், அரசுப் பணியிலிருந்த நிலையில் 1959-இல் தென்மொழி தொடங்கியபோது பெருஞ்சித்திரன் என்னும் பெயரை மேற்கொண்டார். அப்பெயருக்குரிய பொறுப்பை அவர் 1965-இல் சிறையிலும் சுமந்தார். ஒரே மாவட்டம், ஓராண்டு இடைவெளி, இருவரும் பெற்றோர் பெயரைத் தம் எழுத்தில் ஏற்றியவர். ஒருவர் பெயர் இயக்கமாயிற்று. மற்றவர் பெயர் விற்பனைப் பட்டியலில் ஒரு வரியாயிற்று.

பெண்பெயரை ஆடவர் போர்த்துக்கொள்ளும் வழக்கத்தையும் இங்குச் சொல்லியாக வேண்டும். சுசாதா என்பார் அரங்கராசன் என்னும் பொறியாளர். முன்னமே ஓர் அரங்கராசன் எழுதிவந்தமையால் மனைவியின் பெயரை மேற்கொண்டார். அதற்கு ஒரு கரணியமாவது உண்டு. திருவரங்கன் உலா எழுதிய வேணுகோபாலனோ கோயில் வரலாற்றுக்குத் தம் பெயரையும், கிளர்ச்சியூட்டும் குற்றக் கதைகளுக்குப் புட்பா தங்கதுரை என்னும் பெயரையும் வைத்துக்கொண்டார். பெருமை தரும் நூலுக்குத் தம் பெயர், கூசத்தக்கதற்குப் பெண்பெயர்! இவர்களுக்கெல்லாம் முன்பே வை. மு. கோதைநாயகி என்னும் பெண்மணி தம் பெயரிலேயே 115 புதினங்கள் எழுதி, 1925 முதல் சகன்மோகினி இதழையும் தாமே நடத்திக் காட்டினார்.

துப்பறியும் கதைத் துறையிலும் வேறு வழி இருந்தது. தேவகோட்டை இராமநாதன் தமிழ்வாணன் (1926–1977) என்னும் ஒரே பெயரைத் தாங்கி, கல்கண்டு இதழை நடத்தி, கூடியவரை நல்ல தமிழ்ச் சொற்களை ஆண்டு, இளைஞர் கூட்டத்தையே தம்பால் ஈர்த்தார். தம் பெயரைத் தமிழாக்கியவர் கதைத்தலைவனுக்கு மட்டும் சங்கர்லால் என்று ஏன் வடவர் பெயர் இட்டார் என்பது எனக்கு இன்றும் விளங்காத புதிர். ஆயினும் எழுதியவர் யார் என்பதில் அங்கு மயக்கமில்லை.

இனி, சுந்தரேசனின் எழுத்துக்கு வருவோம். புலவர் பலர் அதனைத் தொட்டும் பாரார். ‘கலப்புநடைத் துணுக்கு’ என்று ஒதுக்குவர். நடையைப் பொறுத்தவரை அவர் கூற்றில் பிழையில்லை. 1963-இல் குமுதத்தில் தோன்றிய அப்புசாமி சென்னைத் தெருவழக்கில் பேசுகின்றார். சீதாப்பாட்டி நுனிநாக்கில் ஆங்கிலம் பொழிகின்றார். தூய தமிழ்த் தொடர் ஒன்றைத் தேடி நான் பக்கம் பக்கமாகப் புரட்டியதுண்டு. ஆனால் அந்நகைச்சுவை எதன்மேல் பாய்கின்றது என்று பார்க்கவேண்டாவா? பாட்டிகள் முன்னேற்றக் கழகம் என்று ஒரு சங்கம்; அதன் தலைவியாக ஆங்கிலம் பேசும் பாட்டி; மூக்குப்பொடியும் வெகுளித்தனமுமாக அவரிடம் அன்றாடம் அகப்பட்டுத் தவிக்கும் கிழவர்; கிழவர்க்குத் துணையாக இரசகுண்டும் பீமாராவும். சங்கம் வைத்துப் பதவிக்கு அலையும் நகரத்து மேட்டிமையும், ஆங்கிலம் பேசினால் அறிவு வந்ததாகக் கொள்ளும் அடிமைத்தனமும் அங்கே கிழமைதோறும் சிரிப்புக்கு இரையாயின. நாம் ஆயிரம் மேடையில் இடித்துரைத்ததை அவர் ஒரு கிழவியின் வாயில் வைத்து நகையாக்கினார்.

அதில் ஒரு தீங்கும் இருந்தது. சீதாப்பாட்டியைப் பார்த்துச் சிரித்தவர் பாதி, அவரைப்போல் பேச விழைந்தவர் பாதி. கலப்பு மொழியை எள்ளுவதற்குக் கலப்பு மொழியையே கருவியாக்கினால் கருவி கையில் ஒட்டிக்கொள்ளும். இதனை அவர் எண்ணினாரா என்பது தெரியாது. எண்ணியிருப்பின் அத்துணை எளிதாக எழுதியிரார் என்பது என் கருத்து. ஆயினும் 20 கொண்டையூசி வளைவு ஏறி மலைக்கு வரும் பேருந்தில் அவ்விதழ்க் கட்டு வந்து இறங்கினால், தோட்டக் கணக்கரும் கடைக்காரரும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவரும் ஒருவர்பின் ஒருவராக வாங்கிப் படித்தனர். அவர்களைத் தமிழெழுத்தின்முன் அமர வைத்தவர் யார்? நாமா? தனித்தமிழில் சிரிக்க வைக்கும் ஒரு தாத்தாவையோ பாட்டியையோ நம்முள் எவரும் படைக்கவில்லை. பாவும் உரையும் ஆய்வும் நம் கையில் செழித்தன. கதைத்திடலைக் கிழமையிதழாரிடம் விட்டுவிட்டோம். விட்ட இடத்தில் வடசொல்லும் ஆங்கிலமும் குடியேறியதற்கு அவர்களை மட்டும் வைவது முறையாகாது.

எனவே அவரை நம்மவர் என்று உரிமை பாராட்டுவோம், குறைகளோடே பாராட்டுவோம். அங்குத்தான் பெயர்ச் சிக்கல் குறுக்கே நிற்கின்றது. பாக்கியம் இராமசாமி என்னும் பெயரில் வந்தவை நூல்களாயின. அப்புசாமியும் அற்புத விளக்கும், மாணவர் தலைவர் அப்புசாமி போன்றவை இன்றும் கிடைக்கின்றன. வனமாலியும் மிருணாளினியும் எழுதியவை எவை? சிவதனுசு எழுதியது எத்தனை? ஒரு நூலகத்துக்குச் சென்று சுந்தரேசன் என்று தேடினால் ஒரு கை நூல். வேறு பெயர்களில் தேடினால் அவை யார் எழுதியவை என்னும் குறிப்பே இராது. ஆங்கில நாட்டில் சான் கிரீசி (1908–1973) என்பவர் 28 புனைபெயர்களில் 600-க்கும் மேற்பட்ட புதினங்கள் எழுதினார். அவையெல்லாம் எவரெவர் பெயரில் வந்தன என்று பெயர்வாரியாகப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றனர். மலிவுவிலைக் கதைதானே என்று அவர்கள் எறிந்துவிடவில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட புலவர் பெயர்களை ஓலையிலிருந்து மீட்ட நாம், அறுபதாண்டுக்கு முன் எழுதியவர் பெயரை இழக்க நிற்கின்றோம்.

காலமும் குறுகிவிட்டது. அண்ணாமலை 1994-இல் மறைந்தார். அரங்கராசன் 2012-இல் மறைந்தார். சுந்தரேசன் 2017-இல் மறைந்தார். எந்தப் பெயருக்குள் எவர் இருந்தார் என்று நேரில் அறிந்தோர், அற்றை நாள் அலுவலகத்தில் அச்சுப்படி திருத்தியோரும் படம் வரைந்தோரும், இன்று எழுபதையும் எண்பதையும் கடந்தவர்கள். அவர்தம் நினைவிலிருக்கும் அப்பட்டியல் எங்கும் எழுதப்பெறவில்லையாயின் அவர்களோடே போய்விடும். அதன்பின் எந்தப் பேராசிரியராலும் அதனை மீட்க இயலாது. நடையை வைத்துக் கண்டறியலாம் என்பாரும் அரங்கராசனின் எட்டு நடைகளுக்கு முன் தோற்பர்.

சேலத்தில் 1997 முதல் பெரியார் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் தமிழ்த்துறை, தன் மாவட்டத்து எழுத்தாளர் ஒருவர்க்காக ஆய்வு மாணவர் இருவரை ஓராண்டு ஒதுக்கினால் போதும். சென்னையில் கன்னிமாரா நூலகத்திலும் உரோசா முத்தையா நூலகத்திலும் பழைய இதழ்த் தொகுதிகளைத் தேடலாம். 1963-ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து தொடங்கி, கதையின் பெயர், வெளிவந்த நாள், அச்சிட்ட பெயர், எழுதியவர் பெயர் என நான்கு நிரலில் எழுதிக்கொண்டு, எஞ்சியிருக்கும் முதியோரிடம் நேரிற் சென்று நான்காம் நிரலை நிரப்பி வரவேண்டும். சலகண்டபுரத்துக்கும் ஒருமுறை போகட்டும். பாக்கியம் அம்மையாரையும் இராமசாமியையும் பற்றிக் கேட்டு எழுத அங்கேதான் இன்னும் ஆளிருக்கும்.