மூடாத கண்



முகவாதம் என்றால் வாயும் கண்ணும் சேர்ந்து ஒரு பக்கமாகக் கோணும் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் பெரும்பாலானவை சில மாதங்களில் குணமாகிவிடும். ஆனால் வாய் நேராக இருக்க, கண் மட்டும் மூட மறுத்தால், கன்னத்திலும் உணர்ச்சியற்ற ஒரு தேமல் இருந்தால், அது வேறு கதை. பெயரைச் சொல்லவே நம் வீடுகளில் தயங்குகிறோம். தொழுநோய்தான் அது.

மட்டக்களப்பு வாவியிலே மாந்தீவு இருக்கிறது. ஒரு காலத்தில் இந்நோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. அந்தப் பயம் நம் உம்மாமாரின் மனதை விட்டு இன்னும் போகவில்லை. குமர்ப்பிள்ளையின் தேமலை மறைப்பதும் அதனால்தான். இலங்கையில் 1983 முதல் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. ஆறு மாதமோ ஒரு வருடமோ குடித்தால் நோய் தீரும். தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குத் தொற்றாது. ஆனாலும் ஆண்டுதோறும் நாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் புதிதாகக் கண்டறியப்படுகிறார்கள்.

மறைப்பதால் இழப்பது கண்ணை. இமையை மூடுவது ஒரு நரம்பு. கண்ணில் தூசி விழுந்தால் உறுத்தச் செய்வது இன்னொரு நரம்பு. இந்நோய் இரண்டையும் கெடுக்கும். கச்சான் காற்றின் மணலும் விறகடுப்பின் புகையும் திறந்த கண்ணில் படும், வலியே தெரியாது. கருவிழி காய்ந்து புண்ணாகி, பார்வை போன பின்தான் தெரியவரும்.

முதல் ஆறு மாதத்துக்குள் வந்தால் மாத்திரைகளாலேயே நரம்பு மீள வாய்ப்புண்டு. பிந்தினால் சத்திரசிகிச்சை. பல்லைக் கடித்துக்கொண்டு நெற்றிப்பொட்டில் விரலை வையுங்கள். ஒரு தசை துடிக்கிறதல்லவா? அதில் ஒரு பட்டையை எடுத்து, இரண்டாகப் பிரித்து, மேல் இமையிலும் கீழ் இமையிலும் கோத்துவிடுவார்கள். பிறகு பல்லைக் கடித்தால் கண் மூடும். வேலூரில் போல் பிராண்ட் நோயாளரின் கைகால்களைச் சீர்செய்து கொண்டிருந்த காலத்தில், அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் இப்படிப்பட்ட கண்களைக் காப்பாற்றுவதையே தன் பணியாக்கிக் கொண்டார். பாதிப்பு குறைவாக இருந்தால் இமையின் வெளியோரத்தைச் சற்றுத் தைத்து இடைவெளியைக் குறைத்தாலே போதும்.

சோறு மெல்லும்போதும் கண் சிமிட்டும். விருந்து வீட்டில் கூச்சமாக இருக்கும்தான். குருடாவதைவிட அது பெரிதா?

ஒன்றை மட்டும் சத்திரசிகிச்சை திருப்பித் தராது: உணர்ச்சியை. கண் உறுத்தாததால் தானாக இமைக்கத் தோன்றாது. நினைத்து நினைத்துத்தான் பல்லைக் கடிக்க வேண்டும். இந்தப் பழக்கத்துக்கு நமக்கு வுழூ இருக்கிறது. ஒவ்வொரு நேரமும் முகம் கழுவி முடித்ததும் பத்துத் தடவை பல்லைக் கடித்துக் கண்ணை மூடித் திறவுங்கள். பிறகு கண்ணாடியில் பாருங்கள். கண் சிவந்திருந்தால், வலி இல்லாவிட்டாலும், நாளைக்கு என்று வைக்காமல் அன்றைக்கே கண் கிளினிக்குக்குப் போங்கள். இரவில் சுத்தமான துணியால் கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு தூங்குங்கள்.