விலை பூஜ்யம்னா, அடுத்த கேள்வி என்ன?

2017 ஜூலை 21. ராஜபாளையத்தில் தென்னந்தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து, தங்கச்சி மகன் போனில் ரிலையன்ஸ் கூட்டத்தை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மும்பையில் முகேஷ் அம்பானி ஜியோபோனை அறிவிக்கிறார். விலை பூஜ்யம் என்றதும் அரங்கில் கைதட்டல். "மாமா, போனைச் சும்மா தர்றாங்களாம்!" என்று இவனும் தட்டினான். அதற்கு அடுத்துச் சொன்னது அவன் காதில் ஏறவே இல்லை. 1,500 ரூபாய் முன்பணம் கட்டணும்; மூணு வருஷம் கழிச்சுத்தான் திரும்பக் கிடைக்கும். மாசம் 153 ரூபாய் ரீசார்ஜ் தனி.

நான் போனுக்கு எதிரி இல்லைங்க. மழை நிலவரமும் தேங்காய் விலையும் எனக்கு அதில்தான் வருது. ஆனா, இந்த மாதிரிக் கைதட்டலை முன்னாடியே கேட்டவன் நான்.

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. காய்ப்புழுவுக்கு மருந்தடிக்கும் செலவு மிச்சம் என்றார்கள். ஆரம்பத்தில் மருந்து குறைந்ததும் உண்மைதான். ஆனால் வந்தது வீரிய ஒட்டு விதை. எடுத்து வைத்து விதைத்தால் அதே பயிர் வராது. வருஷாவருஷம் விதைப் பாக்கெட்டுக்குக் கடை வாசலில் நிக்கணும். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி.க்குப் பழகிவிட்டதை 2010-ல் மான்சான்டோவே ஒத்துக்கொண்டது. அதற்குள் சொந்தப் பருத்தி விதை வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் மிச்சம்?

பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையத்துக்குப் பக்கத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். 2 அந்த ஊர்ப் பெயரிலேயே வந்த ரகம். ஒட்டு விதை அல்ல. நாமே விதை எடுத்து வைக்கலாம். கரிசலில் மானாவாரியாக நின்ற கருங்கண்ணியும் அப்படித்தான். இதுகளுக்கு மேடையும் இல்லை, நேரலையும் இல்லை.

இப்போ ட்ரோன், செயற்கை நுண்ணறிவுச் செயலி என்று அறிவிப்புகள் வரிசை கட்டுது. மருமகன் இன்னைக்கும் பார்க்கிறான். பார்க்கட்டும். மூணே மூணு கேள்வி சொல்லி வெச்சிருக்கேன். அடுத்த வருஷம் இதுக்கு என்ன விலை? பழுதானா நம்மூர்ல சரிபண்ண ஆள் இருக்கா? வேண்டாம்னு விட்டுட்டா நம்ம கையில என்ன மிஞ்சும்?

மூணுக்கும் பதில் வந்த பிறகு தாராளமாகக் கைதட்டுவோம். அதுவரைக்கும், வர்ற புரட்டாசிப் பட்டத்தில் ஒரு குறுக்கமாவது சொந்த விதையில் பருத்தி போடுங்கள் சொந்தங்களே. கடைசிக் கேள்விக்கான பதில் அந்த விதையில்தான் இருக்கு.