புகையும் படைப்பும்

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க்கடை வாசலில் நிற்கையில், சிகரெட் இல்லாமல் ஒரு வரியும் எழுத வராது என்கிறோம். இதைவிடப் பெரிய புனைவை நம்மில் எவரும் எழுதியதில்லை. இரத்தத்தில் நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம். அக்குறைவு உண்டாக்கும் பதற்றத்தை அடுத்த சிகரெட் தணிக்கிறது; அந்தத் தணிவுக்கு நாம் இட்ட பெயர் மனக்குவிப்பு. ஃப்ராய்டும் தம் உழைப்புக்குச் சுருட்டே துணை என்று நம்பினார். 1923இல் வாய்ப் புற்றுநோய், 30க்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். பின்னும் சுருட்டை விடவில்லை. மனத்தின் தந்திரங்களை ஆராய்ந்தவருக்கே இந்தக் கதி!

பெட்டியின் 85 விழுக்காட்டை அடைத்திருக்கும் எச்சரிக்கைப் படம் நமக்குப் பழகிவிட்டது. அச்சம் செய்யாததை வெட்கம் செய்யலாம். பிறர் எழுத்தில் ஒரு பொய் வரி தென்பட்டால் பக்கம் பக்கமாய்க் கிழிக்கிற நாம், இந்தப் பொய்யை மட்டும் ஏன் நாள்தோறும் காசு கொடுத்து வாங்குகிறோம்?